நீலக் கோப்பு

ஏழாம் வகுப்பில் கொடுத்தார்கள்.
மூலையில் என் பெயர்: ஊலெட், மிரெய்.
வயது பன்னிரண்டு. பல்லில் கம்பி.

முதல் தாளில் முதல் கட்டம்: பிடித்தவை.
'ஏப்ரலில் ஆறு உடையும் சத்தம்' என்று எழுதினேன்.
மிஸ் டெய்கிள் சிரித்தார். நல்லவர்.
பென்சிலால் மெல்ல அடித்துவிட்டுப்
பக்கத்தில் 'அறிவியல்' என்று எழுதினார்.

எட்டில் அல்ஜீப்ரா எடுத்தால்தான்
பன்னிரண்டில் கால்குலஸ் வரும்.
அது வந்தால்தான் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.
யார் அவர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.
வண்டியைத் தவறவிடாதே என்றார்கள்.
வடக்கு மெயினில், எங்கள் ஊரில் நிற்கும் ஒரே வண்டி
உருளைக்கிழங்கு ஏற்றிப் போவது.

ஒன்பதில் கிளாரினெட்.
குளிரில் உதடு வெடித்து
ரத்தச் சுவையோடு ஓர் அணிவகுப்பு மெட்டு.
எனக்கு இசை வராது.
கட்டத்துக்கு வேண்டியிருந்தது.

பத்தில் மருத்துவமனைத் தொண்டு, ஐம்பது மணி நேரம்.
சாப்பாட்டு வண்டி தள்ளுவேன்.
பதினோராம் அறையில் ஒரு வியாழக்கிழமை
ஜெல்லியை மூடி திறந்து வைத்துவிட்டு நிமிர்ந்தால்
கட்டிலில் இருந்தவர் இல்லை.
இருந்தார். ஆனால் இல்லை.
நர்ஸ் வரும்வரை தட்டைப் பிடித்தபடி நின்றேன்.
அன்றும் மறக்காமல்
'இரண்டு மணி' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.
கோப்பில் அந்தத் தாள் மட்டும் கொஞ்சம் கசங்கியிருக்கும்.

பதினொன்றில் தேர்வு. அறுபது மைல் தெற்கே.
விடியாத பனியில் அப்பாவின் டிரக், ஹீட்டர் செத்தது.
கால்குலேட்டர் பேட்டரி குளிரில் படுத்துவிடுமென்று
அக்குளில் வைத்துக் காத்துவந்தேன்,
கோழிக்குஞ்சைப் போல.
அப்பா வழியெல்லாம் பேசவில்லை.
இறங்கும்போது மட்டும் சொன்னார்:
"மூக்கைச் சிந்திக்கிட்டுப் போ."

பன்னிரண்டில் கட்டுரை.
உன்னை உருவாக்கிய ஒரு தடையைப் பற்றி,
அறுநூற்றைம்பது சொற்களுக்குள்.
என் துயரங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன்.
எல்லாம் சில்லறை.
"கஷ்டத்தைக்கூடவா கேக்குறாங்க?" என்றாள் அம்மா,
மின்கட்டண ரசீதுகளை அடுக்கிக்கொண்டே.
பதினோராம் அறையை எழுதலாமா
என்று ஒரு இரவு எழுதியும் பார்த்தேன்.
அது என்னுடையதல்ல. அழித்தேன்.

செப்டம்பரில் அறுவடை விடுமுறை.
மூன்று வாரம் பள்ளியே வயலில் நிற்கும்.
எந்திரத்தின் பெல்ட்டில்
கிழங்கும் கல்லும் ஒரே மண்ணைப் பூசிக்கொண்டு ஓடிவரும்.
கண்ணுக்கு இரண்டும் ஒன்று.
கைக்குத்தான் தெரியும்,
அதுவும் கை மரத்துப் போகாதிருந்தால்.
நாலு வருடமாகக் கல் பொறுக்குகிறேன்.
எந்தக் கட்டத்திலும் எழுதியதில்லை,
விடுமுறைதானே என்று.

அதை எழுதினேன்.
கடைசியில் ஒரு பாடம் சேர் என்றார் மிஸ் டெய்கிள்.
கல்லைத் தூக்கி எறிவதில் பாடமொன்றும் இல்லை,
முதுகு வலிக்கும், அவ்வளவுதான் என்றேன்.
சேர்த்தேன்.

மார்ச் கடைசியில் பதில் வந்தது.
முதல் பக்கம், வா என்றது.
இரண்டாம் பக்கம், எவ்வளவோடு வா என்று சொன்னது.
அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.
தொகை மாறவில்லை.
மறுபரிசீலனைக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.
அதற்கும் கோப்பில் ஒரு மாதிரி இருக்கிறது.

கடிதம் பாதியில் நிற்கும்போது
ஆறு உடைந்தது.
இரவு பதினொன்று.
எதிர்க்கரையில், கனடாவில், ஒரு நாய் குரைக்கத் தொடங்கியது.
லூசியன், இப்போது அவன் ஏழாம் வகுப்பு,
பைஜாமாவோடு என் பின்னால் ஓடிவந்தான்.
கதவு கதவாகப் பனிப்பாளங்கள்
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி முறிந்து
கரையோர மரங்களின் பட்டையை உரித்துக்கொண்டு போயின.
அவன் ஏதோ கத்திக் கேட்டான்.
எனக்குக் கேட்கவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை.

ஆறு உடையும் தேதிக்கு
அப்பா கடையில் ஐந்து டாலர் பந்தயம் கட்டியிருந்தார்,
நாளை மறுநாள் என்று.
ஜன்னலைத் திறந்து ஒருமுறை கேட்டார்,
மூடிக்கொண்டார்.